மறைக்கலாம், புதைக்க வேண்டாம்



கொழும்பிலும் கல்முனையிலும் காத்தான்குடியிலும் எழும் புதிய வீடுகளைச் சற்று நின்று பாருங்கள். முகப்புக்கு நல்ல வர்ணம், யன்னலுக்கு அழகான கம்பி, வாசலில் பூச்சாடி. ஆனால் பக்கச் சுவரில் மேல்மாடியிலிருந்து கீழ்வரை வெள்ளை நாடா சுற்றிய ஏ.சி. குழாய்க் கட்டொன்று கோணல்மாணலாகத் தொங்கும். சில வருட வெயிலில் நாடா கிழிந்து, உள்ளிருக்கும் கறுப்பு இறப்பர் உதிரத் தொடங்கிவிடும். எத்தனையோ சிரமப்பட்டுக் கட்டிய வீட்டில் இது கண்ணை உறுத்தத்தான் செய்யும். அதை மறைக்க விரும்புவதில் தவறேதும் இல்லை.

எப்படி மறைப்பது என்பதில்தான் சிக்கல். பலர் மேசன் பாஸை அழைத்துச் சுவரைக் கொத்தி, குழாய்களை உள்ளே வைத்து, சீமெந்து பூசி, வர்ணமும் அடித்து விடுகிறார்கள். சுவர் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. அந்த அழகுக்கு வீட்டுக்காரர் பின்னர் என்ன விலை கொடுக்கிறார் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

அந்தக் கட்டுக்குள் இருப்பவை நான்கு. குளிர்வாயு ஓடும் செப்புக் குழாய்கள் இரண்டு, உட்பெட்டியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் குழாய் ஒன்று, மின்கம்பி ஒன்று. சாதாரண அறை ஏ.சி.யில் மெல்லிய செப்புக் குழாய் கால் அங்குல விட்டம் கொண்டது. தடித்தது பெரும்பாலும் 3/8 அங்குலம் அல்லது அரை அங்குலம். இவ்வகை இயந்திரங்களில் இரண்டு குழாய்களுமே குளிர்ந்து போவதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இறப்பர் உறை வேண்டும். உறையில்லாத இடத்தில் நமது ஈரலிப்பான காற்று பட்டவுடன், ஐஸ் போட்ட குவளையில் வியர்ப்பதுபோலக் குழாயும் வியர்க்கும். சுவருக்குள் வியர்த்தால், அந்தத் தண்ணீர் ஊறி உள்ளறைச் சுவரில் கறையாகவும் பூஞ்சணமாகவும் வெளிப்படும். வர்ணத்தில்தான் குறையென்று நினைத்து நீங்கள் திரும்பத் திரும்ப வர்ணம் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிடப் பெரிய விடயம் கேஸ் கசிவு. "வருடத்துக்கொரு முறை கேஸ் நிரப்ப வேண்டும்" என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. ஏ.சி.யில் உள்ள குளிர்வாயு பெற்றோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். குழாய் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், தொழில்நுட்பவியலாளர் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டு அடைத்து விடுவார். சீமெந்துக்குள் புதைந்திருந்தால் அவர் என்ன செய்வார்? சுவரை உடைக்க உங்களுக்கும் மனம் வராது. "இப்போதைக்கு கேஸைப் போட்டுவிடுங்கள்" என்பீர்கள். அடுத்த வருடமும் அதே கதைதான். போதிய கேஸின்றி ஓடும் இயந்திரம் அறையையும் சரியாகக் குளிர்விக்காது, மின்கட்டணத்தையும் ஏற்றிவிடும்.

கசியும் வாயு நமது வீட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பது. அதைக் காப்பதற்காக 1987ஆம் ஆண்டு செய்யப்பட்ட மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் இணைந்துகொண்டது. இப்போது வரும் ஆர்-32 ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அதன் ஒரு கிலோ, சுமார் 675 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கக் கூடியது. சிறிதளவு தீப்பற்றும் தன்மையும் அதற்கு உண்டு. ஆகவே குழாய்களின் பொருத்துகள் ஒருபோதும் சுவருக்குள்ளோ, காற்றோட்டமில்லாத அடைப்புக்குள்ளோ வரக் கூடாது.

நான்கங்குலச் சீமெந்துக் கல் சுவரை ஆழமாகக் கொத்தினால் சுவரே பலவீனப்படும் என்பதையும் மறவாதீர்கள். தூணிலும் பீமிலும் உளி வைக்கவே வைக்காதீர்கள்.

அப்படியானால் சரியான வழி எது? சுவரின் மேலேயே, கழற்றக்கூடிய மூடியுள்ள பீ.வி.சி. கேசிங்கைப் பொருத்தி அதற்குள் குழாய்களைக் கொண்டுசெல்வதுதான். செய்யும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. முதலில் பாதையைத் தீர்மானியுங்கள். சுவரின் மூலை, கூரை விளிம்பின் அடி, மழைநீர்ப் பீலிக் குழாயின் ஓரம் ஆகியவை நல்ல இடங்கள். கேசிங் நேர்கோட்டில் மேலிருந்து கீழாக இறங்கட்டும். சுவரைக் குறுக்காக வெட்டிச் செல்லும் சாய்கோடு எத்தனை வர்ணம் பூசினாலும் கண்ணில் படும். வளைவுகள் குறைவாக இருக்கட்டும். செப்புக் குழாயை மடங்கவிட்டால் வாயு ஓட்டம் தடைப்படும். குழாய் எவ்வளவு நீளம் போகலாம் என்பது இயந்திரத்துடன் வரும் கையேட்டில் இருக்கிறது. அதை மீற வேண்டாம்.

2. சுவரில் போடும் துளை வெளிப்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் மழைநீர் வீட்டுக்குள் வரும். வேலை முடிந்ததும் துளையைப் புட்டி வைத்து அடையுங்கள். எறும்பும் பல்லியும் எலியும் அவ்வழியே குடிவந்துவிடும்.

3. தண்ணீர்க் குழாய் போகும் வழியெல்லாம் இறக்கமாகவே இருக்க வேண்டும். நடுவில் ஓரிடம் மேலெழுந்தாலும் தண்ணீர் தேங்கி, உட்பெட்டியிலிருந்து கட்டிலில் சொட்டும்.

4. மூடியைப் போடும் முன் சோதியுங்கள். பொருத்துகளில் நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உட்பெட்டியின் தட்டில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றி, அது தடையின்றி வெளியே வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

5. கேசிங்கின் மேல்முனையை மழை புகாதவாறு அடையுங்கள். கீழ்முனையைத் திறந்து விடுங்கள், உள்ளே போன நீர் வடியட்டும். கரையோர ஊர்களில் உப்புக் காற்று சாதாரண ஆணியைத் துருவேற்றிச் சுவரில் சிவப்புக் கோடு இழுத்துவிடும். துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூக்களையே கேட்டு வாங்குங்கள்.

6. கடைசியாக, கேசிங்கை மண்கடதாசியால் லேசாகத் தேய்த்து, சுவரின் நிறத்திலேயே வர்ணம் பூசுங்கள். சில அடி தள்ளி நின்று பார்த்தால் அது சுவரோடு சுவராகிவிட்டிருக்கும்.

இப்போதுதான் வீடு கட்டுகிறீர்களா? அப்படியானால் இன்னும் நல்லது. சுவர் எழும்பும்போதே குழாய்களுக்கென ஒரு பள்ளமான பாதையை விட்டு, அதற்குக் கழற்றக்கூடிய பலகை மூடியொன்றைப் போட்டுவிடலாம். பின்னர் உளிக்கு வேலையே இருக்காது.

வெளிப்பெட்டியையும் சேர்த்து மறைக்கச் சிலர் அதைச் சுற்றிப் பலகை அடிக்கிறார்கள். வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. மூச்சுவிட இடமின்றி அதை அடைத்தால், தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்து அது இரட்டிப்பாக உழைக்கும்.

நிறைவாக ஒன்று. நமது ஊர்களில் வீட்டுக்கு வீடு இடைவெளி மிகக் குறைவு. நாம் பார்க்காத பக்கச் சுவர்தான் பக்கத்து வீட்டாரின் யன்னலுக்கு நேரே இருக்கிறது. ஈரலிப்பான நாட்களில் ஓர் அறையின் ஏ.சி. பல லீற்றர் தண்ணீரை வெளியேற்றும். அது அவர்களது மதிலில் வடிந்து பாசி பிடித்தால், வெளிப்பெட்டியின் அனல் அவர்களது சமையலறைக்குள் அடித்தால், நமது சுவரின் அழகால் யாருக்கு என்ன பயன்? அயலவருக்குத் தொல்லை தராதிருப்பதை நமது மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயைக் கான்வரை அல்லது ஒரு வாளிவரை இறக்கிவிடுங்கள். அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது. ஆனால் முற்றம் கழுவத் தாராளமாகப் போதும்.

வேலையைப் பேசும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "இது பழுதானால் சுவரை உடைக்காமல் திறந்து பார்க்க முடியுமா?" என்றும் கேளுங்கள். "முடியாது" என்று பதில் வந்தால், எத்தனை அழகாக இருந்தாலும் அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.