"போட்டா வரும் தம்பி" என்பது அளவு இல்லை



நீளமான பதிவுதான். கார் ஆசையுள்ள தம்பிமார் கடைசிவரை வாசியுங்கள். வாசிக்காமலே கீழே வந்து "சேருக்கு ஏன் இந்த வேலை" என்று எழுத இருக்கிறவர்களும் வாசியுங்கள், உங்கள் பிள்ளையும் அந்தக் காரில்தான் ஏறிப் போகிறான்.

நமது ஊர்ப் பக்கம் ரிம் விற்கிற கடைகளில் ஒரே ஒரு வாசகம்தான் இருக்கிறது: "போட்டா வரும் தம்பி." என்ன வரும்? நட் வரும். ஐந்து ஓட்டையும் ஐந்து ஸ்டடும் நேருக்கு நேர் நின்றால் அது பொருந்திவிட்டதாம். செருப்பில் கால் நுழைந்தால் அளவு சரி என்று சொல்வதுபோல.

நாங்கள் சொல்வது இதுதான். ஓப்செட் எத்தனை என்று சொல்லத் தெரியாதவர் ரிம் விற்கக் கூடாது. கேட்கத் தெரியாதவர் வாங்கக் கூடாது.

இது பெரிய விஞ்ஞானம் இல்லை, ஏழாம் வகுப்புக் கணக்கு. ரிம்மின் அகலத்துக்குச் சரி நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஹப்போடு ஒட்டுகிற தட்டையான முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறதோ, அதுதான் பிளஸ் ஓப்செட். அந்த எண் குறையக் குறைய சில்லு வெளியே வரும்.

இப்போது நமது பொடியன்மார் படம் போட்டு உருகுகிற டொயோட்டா 86ஐ எடுப்போம். 2012இல் வந்த கார். கொம்பனி கொடுத்த சில்லு 17 அங்குலம், அகலம் 7 அங்குலம், ஓப்செட் +48. கடைக்காரர் காட்டுவது 18 அங்குலம், அகலம் எட்டரை, ஓப்செட் +30. கூடிய அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர். பாதிக்குப் பாதி பிரித்தால் உள்ளே 19, வெளியே 19. ஓப்செட் 18 குறைந்ததால் முழுச் சில்லும் 18 வெளியே நகரும். ஆகவே உள்பக்கம் கூடுவது 1 மில்லிமீற்றர், வெளிப்பக்கம் 37.

ஏமாற்று இங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் உள்ளே டோர்ச் அடித்து, "பாருங்க, ஷொக்கில எங்கயாவது முட்டுதா?" என்பார். முட்டாது. அவர் பொய் சொல்லவில்லை. வெளியே கிட்டத்தட்ட நாலு சென்ரிமீற்றர் போனதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, அவ்வளவுதான். பொடியனுக்கோ அந்த நாலு சென்ரிமீற்றர்தான் அழகு.

அந்த அழகுக்கு யார் விலை கொடுப்பது? சில்லு வெளியே போகப் போக ஹப் பெயரிங்கில் நெம்புகோல் நீளுகிறது. குழியில் ஒரு பக்கச் சில்லு விழுந்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்குகிறது. பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் மட்காட்டின் ஓரம் டயரின் தோளைச் சீவுகிறது. அதைத் தவிர்க்கச் சில்லைச் சாய்த்து வைப்பார்கள். பிறகு டயரின் உள் ஓரம் யாருக்கும் தெரியாமல் தேய்ந்து கம்பி வரும். வெளியே நின்று பார்த்தால் டயர் புத்தம் புதிது.

"ரேஸ் கார் எல்லாம் அகலமாத்தானே இருக்கு" என்கிறார்கள். இருக்கிறது. அங்கே சஸ்பென்ஷனையும் மட்காட்டையும் அந்த அகலத்துக்கே கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள், ஓட்டம் முடிய ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்க்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஸ்பேசர் போடுகிறோம். 20 மில்லிமீற்றர் ஸ்பேசரைப் பழைய ஸ்டடிலேயே போட்டால் நட் பிடிக்க நூல் எங்கே மிச்சம்? 86இன் ஸ்டட் 12 மில்லிமீற்றர், நூல் இடைவெளி 1.25. நட் கிட்டத்தட்டப் பத்துச் சுற்றாவது ஏற வேண்டும். நாலு சுற்றில் இறுகி நிற்கிற நட்டை நம்பி, பின்கண்ணாடியில் மாஷா அல்லாஹ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போவது தவக்குல் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிப்போடச் சொன்ன ஹதீஸை குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்!

டயர் அளவிலும் இதே கதை. 215/45 17 என்றால் முழு விட்டம் 625 மில்லிமீற்றர். 18க்கு மாறுகிறவர் 215/40 போட்டால் 629, வித்தியாசம் தெரியாது. கையிருப்பில் இருக்கிறதென்று 225/45ஐக் கொடுத்தால் 660. மீற்றர் 80 காட்டும்போது கார் 84இல் ஓடும். மாறாக, படத்தில் வருகிற மாதிரி மெல்லிய டயர்தான் வேண்டும் என்று 225/35 போட்டால் பக்கச் சுவர் 79 மில்லிமீற்றர்தான். கொம்பனி கொடுத்தது 97. நமது வீதிகளின் குழிகளைப் பற்றி நாங்கள் சொல்லவா வேண்டும்?

இன்னும் இரண்டு சங்கதி. 86க்கு ஓட்டை வட்டம் 5×100. சந்தையில் நிறையக் கிடைப்பது 5×114.3. "ஓட்டையை இழுத்துத் தாறேன்" என்கிற ஆளிடம் நிற்காதீர்கள். ஹப் துளை 56.1, வெளி ரிம்களில் பல 73.1. இடைவெளிக்கு வளையம் போடாவிட்டால் வேகம் கூடும்போது நடுங்கும், பிறகு பெலன்சிங் சரியில்லை என்று மாறி மாறிக் காசு கொடுப்பீர்கள். ஹொண்டாக்காரரும் கவனியுங்கள்: கொம்பனி நட் உருண்டை இருக்கை, வெளி ரிம் பெரும்பாலும் கூம்பு. பழைய நட்டையே போட்டால் இறுகியதுபோல இருக்கும், இறுகியிருக்காது.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இதெல்லாம் இஸ்ராஃப், பந்தா" என்று ஒரே வரியில் முடிக்கிறோம். பொடியன் தலையாட்டிவிட்டு நேரே கடைக்குத்தான் போகிறான், அங்கேதான் அவனோடு இருந்து பேச ஆள் இருக்கிறது. வாப்பா கட்டாரில் உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய காரின் சில்லு பற்றி வாப்பாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது, தெரிந்த மாதிரிப் பேசுகிறவர் விற்கிறவர் ஒருவர்தான். 86க்கு 17க்கு 8 அல்லது 18க்கு 8, ஓப்செட் +45 அளவில் எடுத்தாலே கார் அழகாக நிற்கும், மட்காட்டுக்குள்ளேயும் நிற்கும். ஆசையை விடச் சொல்லவில்லை.

கடைக்குப் போகிறவர் பில்லில் இத்தனையும் எழுதித் தரச் சொல்லுங்கள்: அகலம், ஓப்செட், ஓட்டை வட்டம், நடுத்துளை, டயரின் பாரச் சுட்டெண் (87 என்றால் ஒரு டயருக்கு 545 கிலோ). ரிம்மின் முதுகைத் திருப்பி ஜே.டபிள்யூ.எல். அடையாளம் இருக்கிறதா, வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எழுதித் தர மறுத்தால் ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அளவு தெரியாதவர்கள் உங்கள் காரின் பழைய அளவை கொமெண்டில் போடுங்கள், இஷாவுக்குப் பிறகு கணக்குப் பார்த்துத் தருகிறோம்.