கன்னிமாரும் கன்னிமாராவும்

வெள்ளகோவிலில் விசைத்தறி நடத்தும் நண்பர் ஒருவர், வியாபார விஷயமாகச் சென்னை சென்று, கன்னிமாரா ஹோட்டலில் ஓர் இரவு தங்கித் திரும்பினார். அவர் வீட்டுத் திண்ணையில் நாமும் இருந்தோம். வாடகையைச் சொன்னால் ஆத்தாவுக்கு மயக்கம் வந்துவிடுமென்று அஞ்சி, ஹோட்டலின் பெயரை மட்டும் சொன்னார்.

"ஏஞ்சாமி, கன்னிமாரு பேருலயா ஓட்டலு வெச்சிருக்காங்க? அப்ப நல்ல எடமாத்தான் இருக்கும்!" என்றார் ஆத்தா.

ஏழு கல்லை நட்டுக் கன்னிமாரைக் கும்பிடும் கொங்கு நாட்டில் அவருக்கு வேறென்ன தோன்றும்? நாம் சிரித்துவிட்டோம். நண்பரோ, "அது வெள்ளைக்காரன் ஆரம்பிச்ச ஓட்டலுங்க ஆத்தா" என்று திருத்தினார். வீடு திரும்பும்போதுதான் நமக்கு உறைத்தது: ஆத்தா சொன்னது பிழையானால், நண்பர் சொன்னதும் பிழையே!

விருத்தாந்தம் இதுதான். 1854-ல் 'இம்பீரியல்' என்ற பெயருடன் அந்த ஹோட்டல் தொடங்கியபோது அதன் சொந்தக்காரர் ரத்தினவேலு முதலியார் என்ற தமிழர். பிறகு முதலியார் சகோதரர் இருவர் அதைக் குத்தகைக்கு எடுத்தனர். 1886-ல் அதன் பெயர் 'ஆல்பனி' ஆயிற்று. 1890-ல் 'கன்னிமாரா' ஆயிற்று. கன்னிமாரா பிரபு 1886-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர். அவருடைய மனைவி விவாகரத்துப் பெற்ற 1890-லேயே பதவியை விட்டு விலகியவர். அவருடைய பட்டப் பெயரோ, அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஒரு பிரதேசத்தின் பெயர்!

1891-ல் ஸ்பென்ஸர் கம்பெனியின் ஓக்ஷாட் துரை ஹோட்டலை வாங்கினார். 1930-களில் கட்டடம் புது நாகரிகத்தில் உருமாறிற்று. 1970-களில் இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதற்கு மீண்டும் புதுமெருகு ஏற்றினார். 1984-ல் நிர்வாகம் தாஜ் குழுமத்தின் கைக்கு வந்தது. 2018-ல் பழுது பார்க்கப்பெற்று மறுபடி கதவு திறந்தது. இத்தனை மாறியும், 1890-ல் இட்ட பெயர் மட்டும் மாறவில்லை.

அதை மாற்ற வேண்டுமென்று நாம் கொடி பிடிக்கவில்லை. நாவில் பழகிய பெயர். அது இருந்துவிட்டுப் போகட்டும். நம்மை உறுத்துவது வேறு. மாளிகை போன்ற ஹோட்டல் ஒன்றைக் கண்டால், "இது வெள்ளைக்காரன் செய்தது" என்று விசாரியாமலே சொல்லிவிடுகிறோமே, அந்தப் பழக்கந்தான். 1947-ல் கொடிக்கம்பத்திலிருந்து யூனியன் ஜாக் இறங்கிற்று. நம் மனத்திலிருந்து அது இன்னும் முழுதும் இறங்கவில்லை போலும்!

மறுவாரம் ஆத்தாவைக் கண்டு, இந்தக் கதை முழுவதையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"நாலு வருசம் இருந்துட்டுப் போனவருக்குப் பேரு நெலச்சுப் போச்சு. மொதல்ல சோறு போட்ட மொதலியாருக்கு ஒரு கல்லாச்சும் நட்டாங்களா, சாமி?" என்றார்.

இம்முறை நாம் சிரிக்கவில்லை.