வற்றிய தடாகமும் உண்டியற் கலையும்

ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், தொழிலாளரும் குடிபெயர்ந்தோரும் செறிந்து வாழும் பகுதி கொவன்ஹில். அங்குள்ள பொது நீச்சல் தடாகத்தை 2001 ஆம் ஆண்டில் மாநகர சபை மூடியது. மக்கள் கட்டிடத்தினுட் புகுந்து மாதக்கணக்கிற் காவல் நின்றனர். ஆகஸ்டில் பொலிஸார் அவர்களை வெளியேற்றினர். 2005 இல் மக்களே அறநிதியம் அமைத்தனர். நீரற்ற தடாகம் கலைக்கூடமாயிற்று. கண்காட்சிகளும் நாடகங்களும் புனரமைப்பு நிதிக்குத் துணைநின்றன.

போற்றத்தக்க முயற்சியே. ஆயினும், "கலை வென்றது" என ஆரவாரிப்போரைக் கேட்கிறோம்: வரிப்பணம் பெற்ற சபை ஆற்றவேண்டிய கடமையைக் கலைஞன் உண்டியல் ஏந்தி ஆற்றுவது எவருடைய வெற்றி? 1917 இல் அத்தடாகம் திறக்கப்பட்டபோது, குளியலறையற்ற வீடுகளில் வாழ்ந்த மக்களின் உடல்நலம் பொதுப்பொறுப்பென ஏற்கப்பட்டது. நீராடுதல் அன்று உரிமை. பின்னர் அதுவே தருமமாயிற்று. இவ்வீழ்ச்சியை மறைக்கும் திரைச்சீலையாகக் கலை இழிந்துவிடலாகாது.

கலைஞர்களே, நிதி திரட்டுங்கள்! ஆனால், தடாகத்தை வற்றச் செய்தவர் யாரென்று அதன் சுவரிலேயே எழுதுங்கள். அதனை எழுதத் துணியாத கலை, அநீதியின் வாசலிற் கட்டிய தோரணமே.