சின்ன முகமும் பெரிய கடலும்

மூக்குக் கண்ணாடி வாங்கப் போனால் கடைக்காரர் என்னை ஒரு முறை உற்றுப் பார்ப்பார். பிறகு குழந்தைகளுக்கான ஃபிரேம்கள் இருக்கும் இழுப்பறையைத் திறப்பார். ஸ்கூட்டர் ஹெல்மெட் என் தலையில் சொம்புக்குள் போட்ட எலுமிச்சம்பழம் போல உருளும். இந்தச் சின்ன முகத்தால் வரும் சங்கடங்களைச் சிரித்தே தள்ளிவிடலாம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன், அந்தமான் கடலில் இறங்கும் வரை.

ஹேவ்லாக் தீவு அது. 2018இல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஸ்கூபா டைவிங்கில் முதல் அனுபவம் பெற வந்த எங்கள் எல்லோருக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே மாதிரி மாஸ்க்குகள் கொடுக்கப்பட்டன. இடுப்பளவுத் தண்ணீரிலேயே என் மாஸ்க்குக்குள் நீர் கசிந்தது. சொன்னேன். பயிற்சியாளர் பின்பக்கப் பட்டையை இன்னும் இறுக்கினார். கசிவும் இன்னும் கூடியது. நான்கு மீட்டர் ஆழம் போவதற்குள் கண் வரை உப்புத் தண்ணீர். பதற்றத்தில் மூக்கால் மூச்சை இழுத்துத் தொலைத்தேன். மேலே போகிறேன் என்று கட்டை விரலை உயர்த்தியதோடு என் டைவிங் முடிந்தது. "மேடத்துக்குத் தண்ணீர் என்றால் பயம்" என்று படகில் தீர்ப்புச் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்.

சில ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் ஒரு பெண் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னபோது, அவர் என் பயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் நெற்றிப் பொட்டிலிருந்து கன்னம் வரை பார்வையால் அளந்துவிட்டு, "மாஸ்க் சரியாக உட்கார்ந்ததா அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நீச்சல் கண்ணாடி கண்ணை மட்டும் மூடும். டைவிங் மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடும். காரணம் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு. மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று சுருங்கி முகத்தை உறிஞ்சத் தொடங்கும். மூக்கால் கொஞ்சம் காற்றை ஊதி அதைச் சரிக்கட்ட வேண்டும். மூக்கை மூடாத கண்ணாடியோடு ஆழம் போனால் கண்ணின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடித்துக் கண் சிவந்துவிடும்.

தண்ணீரைத் தடுப்பது கண்ணாடியைச் சுற்றியுள்ள மெல்லிய சிலிகோன் விளிம்பு. அது முழுதும் தோலின் மேல் படிய வேண்டும். சின்ன முகத்தில் பெரிய மாஸ்க்கை வைத்தால் பக்க விளிம்பு முடியின் மேல் ஏறும். கீழ் விளிம்பு மேலுதட்டில் உட்காரும். வாயில் ரெகுலேட்டரைக் கவ்வியதும் உதடு அசையும், அங்கே வழி திறக்கும். பட்டையை இறுக்கினால் விளிம்பு கோணி, புதிய வழிகள் திறக்கும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

வாங்கும் முன் சோதிக்க அவர் கற்றுக் கொடுத்த முறை எளிது. கண்ணாடி முன் அண்ணாந்து, பட்டை போடாமல் மாஸ்க்கை முகத்தில் வெறுமனே வையுங்கள். விளிம்பில் எங்காவது இடைவெளி தெரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பொட்டின் பக்கமும் மூக்கின் கீழும் முக்கியம். இடைவெளி இல்லையென்றால் மூக்கால் மெல்ல மூச்சிழுத்துக் கையை எடுங்கள். மாஸ்க் ஒட்டி நிற்க வேண்டும். மெல்ல என்பதை அடிக்கோடிடுங்கள். பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டத்தான் செய்யும். ரெகுலேட்டரையோ ஸ்நார்க்கல் குழாயையோ வாயில் கவ்விக்கொண்டு மறுபடி செய்து பாருங்கள். மூக்கின் தண்டில் சட்டம் இடிக்கக் கூடாது. கடையில் சின்ன வலி, கடலில் அரை மணி நேரத்தில் தலைவலி.

அப்படியானால் குழந்தைகள் மாஸ்க் வாங்கிவிடலாமே? வாங்கலாம், பார்த்து. பொம்மைக் கடையில் தொங்குபவை பல பிளாஸ்டிக் கண்ணாடியும் விறைப்பான விளிம்பும் கொண்டவை. நீச்சல் குளத்துக்கு மேல் உதவா. டெம்பர்ட் கண்ணாடி என்ற குறிப்பும் சிலிகோன் விளிம்பும் உள்ள சிறுவர் மாஸ்க் பெரியவர்களின் சின்ன முகத்துக்கும் பொருந்தும். உள்ளே காற்றிடம் குறைவான சிறிய மாஸ்க்குகளும் கிடைக்கின்றன. தண்ணீர் புகுந்தாலும் ஒரே ஊதலில் வெளியேற்றிவிடலாம். பவர் கண்ணாடி போடுபவர்கள் இரட்டைக் கண்ணாடி வகையைக் கேட்க வேண்டும். சிலவற்றில் பவர் லென்ஸ் மாற்றிப் பொருத்த முடியும்.

இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்குக் கவலை என்று தோன்றலாம். பாம்பன், சின்னப்பாலம் பெண்களை நினைத்துப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர்கள். கண்ணாடியில் தண்ணீர் புகுந்தால் அவர்களுக்கு நஷ்டம் அன்றைய கூலி. டைவிங்கில் ஆபத்து வேறு மாதிரி. பதறி மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடக் கூடும். பதற்றம் பெரும்பாலும் இப்படிச் சின்ன விஷயத்தில்தான் தொடங்குகிறது. அதனால் வாடகை மாஸ்க் கசிந்தால் கூச்சப்படாமல் வேறு கேளுங்கள். இல்லையென்றால் இறங்காதீர்கள்.

புதுச்சேரியில் ஐந்தாவதாகப் போட்டுப் பார்த்த மாஸ்க் பொருந்தியது. பற்பசை தேய்த்துக் கழுவி அதன் புதுப் படலத்தைப் போக்கினேன். இல்லாவிட்டால் ஆவி படரும். மறுநாள் அதே கடல், அதே நான். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். ஒரு மீன் கூட்டம் முகத்துக்கு நேரே வந்து விலகியபோது சிரித்துவிட்டேன். கன்னம் மடங்கிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது. மாஸ்க்கின் மேல் பகுதியை அழுத்தி, மேலே பார்த்து, மூக்கால் ஊதினேன். போய்விட்டது.