கலாஷ் ஜனங்களின் பாத்தியதை

பாகிஸ்தானத்தின் வடமேற்கே, சித்ரால் மலைநாட்டிலுள்ள பம்புரெட், ரும்பூர், பிரீர் என்னும் மூன்று பள்ளத்தாக்குகளில் சுமார் 4,000 கலாஷ் ஜனங்கள் தங்கள் முன்னோரின் தெய்வங்களை இன்றும் வழிபட்டு வருகிறார்கள். 1895-96ல் ஆப்கானிஸ்தான் அமீர் அப்துர் ரஹ்மான், இவர்களையொத்த வழிபாடுடைய அண்டை மலைவாசிகளைப் படைபலத்தால் மதம் மாற்றி, அவர்கள் நாட்டிற்கு நூரிஸ்தானம் என்று புதுப்பெயரும் சூட்டினார். 1893ல் வகுக்கப்பட்ட எல்லைக்கோட்டுக்கு இப்பால் இருந்தபடியால் கலாஷ்கள் தப்பினார்கள்.

சூரியன் எந்த மலைமுகட்டில் உதிக்கிறது என்று கவனித்தே விதைப்புக் காலத்தையும் திருவிழா நாட்களையும் நிர்ணயிப்பது அவர்கள் மரபு. இவ்வறிவை 2018ல் யுனெஸ்கோ ஸ்தாபனம், உடனே காக்கப்பட வேண்டிய மரபுகளின் ஜாபிதாவில் சேர்த்தது. வசந்தத்தில் ஜோஷி, பனிக்காலத்தில் சௌமோஸ் ஆகிய விழாக்களைக் காண வெளியூரார் திரண்டு வருகிறார்கள். ஆயினும் 2017ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் தங்கள் மதத்தைத் தனியே பதிவதற்கு, இந்த ஜனங்கள் பெஷாவர் ஹைகோர்ட்டின் உத்தரவை நாட வேண்டியிருந்தது!

ஆடலையும் பாடலையும் ரசித்துவிட்டு, ஆடுகிறவர்களின் பாத்தியதையை மறப்பது நியாயமாகுமா? பழைய வழக்கங்களில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் கலாஷ்களே; வேடிக்கை பார்க்க வருவோரும் அல்லர், மதம் மாற்ற வருவோரும் அல்லர். அவர்களுடைய நிலத்தையும் வழிபாட்டையும் பாதுகாப்பது பாகிஸ்தான் சர்க்காரின் கடமை. எண்ணிக்கையில் சிறியோர் உரிமையில் சிறியோர் ஆகார் என்பதே நமது அபிப்பிராயம்.