அட்டையைக் கழிக்குமுன்

கணிப்பொறியின் தாய்ப்பலகையில் ‘ஸ்லாட்’ எனப்படும் பிளவுகளிற் செருகப்பெறும் விரிவாக்க அட்டைகள், அப்பொறிக்குப் புதிய ஆற்றல்களை அளிப்பன. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருப்பெற்று, 1988-இல் புனேயில் அமைந்த சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை இவ்வினத்தது. இந்திய எழுத்துகள் திரையிற் தோன்ற அது வழிசெய்தது. இத்தகைய அட்டை ஒன்றைப் பழுதென ஏட்டில் எழுதுமுன், வேறொரு நல்ல கணிப்பொறியிற் செருகிப் பார்த்தல் கட்டாயமாதல் வேண்டும் என்பது என் கருத்து.

புனேயை அடுத்த சிஞ்ச்வட்டில் ஒரு பயிற்சிக்கூடத்தில், கழிவுப் பட்டியலில் சேர்ந்துவிட்ட வலைத்தொடர்பு அட்டை ஒன்றைக் கண்டேன். பக்கத்துப் பொறியில் அது குறையின்றி இயங்கியது! பின்புறத் தகட்டின் திருகை இறுக்கியபோது அட்டையின் மறுமுனை மயிரிழை மேலெழும்பியிருந்தது, அவ்வளவே. அதற்குள் புதிய அட்டை வாங்கியாயிற்று. மாணவர்கள் இரு வாரம் பொறியின்றி இருந்தனர்.

அவ்வூரில் வேனிற்காலத் தூசியும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்கால ஈரமும் அட்டையின் தொடுமுனைகளிற் படிகின்றன. பகல் வெப்பத்தில் விரிந்தும் இரவிற் சுருங்கியும் அட்டை சிறிது சிறிதாக நெகிழ்வதும் உண்டு. ஆகவே, மின்செருகியை முற்றும் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். பொத்தானை அணைத்த பின்னும் இக்காலப் பொறிகளில் 5 வோல்ட் மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொள்க. நம் விரல் உணருமுன் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டியிருக்கும், நுண்சில்லைக் கெடுக்கவோ அதனினும் மிகக் குறைந்த அளவே போதும். தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்ந்த நூலிழை உதிராத துணியால் துடைக்கலாம். பென்சில் அழிப்பானால் தேய்ப்பாரும் உளர். பொன்முலாம் மிக மெல்லியதாதலின் அதனை நான் விரும்புவதில்லை.

அட்டையை மற்றொரு பிளவிற்கு மாற்றுக. குறை அட்டையுடன் சென்றால் அட்டையே ஐயத்திற்குரியது. பழைய பிளவிலேயே நின்றால் தாய்ப்பலகை. வேறு பொறியில் நன்கு இயங்கின், முதற் பொறியின் இயக்கி மென்பொருளை மீண்டும் நிறுவிப் பார்த்தல் தகும். பழைய பொறிகளில் இரு அட்டைகள் ஒரே குறுக்கீட்டு எண்ணைக் கோரி மோதுவதும் உண்டு. ஒன்றை எடுத்துவிட்டால் அது விளங்கும்.

ஒரே கணிப்பொறியுள்ள சிற்றூர்ப் பள்ளியில் இச்சோதனை இயலாதே என்பர். மெய்தான். அதற்காகவே, சோதித்தறிந்த வலை அட்டையும் பட அட்டையும் ஒவ்வொன்று களப்பணியாளர் பையில் இருத்தல் வேண்டும் என்கிறேன். அவற்றை வாங்கும் செலவைக் கழிவுப் பட்டியலின் முதற் சில வரிகளே ஈடுசெய்துவிடும்.