ஊற்றுக்கண்ணை அடைப்பவர் யார்?

ஈழத்தின் வடபாலும் கீழ்பாலும் உள்ள ஊற்றுகளைப் 'பார்த்துக் களிக்கத்தக்க இடங்கள்' என்று எழுதியும் பேசியும் வருவார் தொகை பெருகிவிட்டது. கீரிமலையிற் குளித்தேன், கன்னியாவில் வெந்நீர் மொண்டேன், நிலாவரையை எட்டிப் பார்த்தேன் என அடுக்குகின்றனர். குளிக்கட்டும், மொள்ளட்டும், வேண்டா என்பார் இலர். ஆனால், அந்நீர் எவருடையது, எங்கிருந்து வருகின்றது, இன்னும் எத்துணைக் காலம் வரும் என்னும் வினாக்களுள் ஒன்றேனும் அவர்தம் உள்ளத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை.

கன்னியாவை முதற்கண் எடுத்துக்கொள்வோம். திருக்கோணமலை நகரையடுத்து, ஏழு சிறு கிணறுகளாக அவ்வூற்று அமைந்துள்ளது. ஒவ்வொன்றின் சூடும் சிறிது வேறு. இஃது எரிமலையின் வேலை அன்று. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழ்ந்திறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தாற் சூடேறி, மீண்டும் மேலெழுகின்றது. தன் தாய்க்கு இறுதிக்கடன் ஆற்ற இராவணன் நிலத்திற் குத்திய ஏழிடங்கள் என்பது வழிவழிக் கதை. கதையைக் கதையாகவே கொள்க. வரலாறென்று வாதிட வேண்டா. ஆயினும், இறந்தார்க்கு நீர்க்கடன் கழிக்கத் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் அங்குச் சென்று வருவது கதையன்று!

அவ்விடத்தைத் தன் ஆளுகைக்குட் கொண்ட அரசின் தொல்லியல் துறை, அஃது அனுராதபுரக் காலப் புத்தப் பள்ளியைச் சார்ந்தது என்றது. பிள்ளையார் கோயில் இருந்த அடித்தளத்தின்மேல் புத்தத் தூபி எழுப்பும் முயற்சி 2019இல் நடந்தது. மக்கள் திரண்டனர். அவ்வாண்டு சூலையில் திருக்கோணமலை உயர் வழக்குமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தூபி கட்ட வந்தாரை ஒன்று கேட்கின்றோம்: புத்தம் என்றாலே தமிழர்க்கு அயல் என்று உமக்குச் சொன்னவர் யார்? மணிமேகலை எம்மொழி நூல்? மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையைப் பாடியது எம்மொழி? புத்தச் சின்னமொன்று அகப்பட்டதென்றே கொள்வோம். அதனால் இன்று வாழும் மக்களின் நீர்க்கடன் உரிமை எங்ஙனம் அற்றுப்போகும்? பழஞ்செங்கல்லுக்குத் தரும் மதிப்பை உயிருள்ள வழக்கத்துக்குத் தர மறுப்பது ஆய்வாகுமா?

பிறரை இடித்துரைத்தல் எளிது. நம்மவரை இடித்துரைத்தலே அரிது. கீரிமலைக்கு வருவோம்.

கடல் அலை அறையும் இடத்திற்குச் சில அடித் தொலைவில் நன்னீர் சுரக்கும் கேணி அது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் படையினரின் வளையத்தால் வெளியேற்றப்பட்டனர். பல்லோர் இருபதாண்டு கடந்தும் தம் மண்ணை மிதிக்க இயலவில்லை. அந்நாளெல்லாம் அக்கேணிக்காக ஏங்கியவர் நாம். மீண்டு வந்தபின் என் செய்கின்றோம்? சவர்க்காரம் என வழங்கும் வழலைக்கட்டியைத் தேய்த்து அதனுள்ளேயே கரைக்கின்றோம்!

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் துளைகளிலும் பிலங்களிலும் இறங்கி, அடியில் நிற்கும் உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலநூலார் கணக்கு. பொறிவைத்து இறைத்து மேலே ஓரடி தாழ்த்தினால், கீழிருந்து உவர் நாற்பதடி ஏறிவரும் என்பது அதன் மறுபக்கம். புத்தூர் நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அதனை 'அடியற்ற கிணறு' என்று வியக்கின்றவர், அவ்வுவர் எங்கே நிற்கின்றது என்று எண்ணுவதில்லை.

சுண்ணாம்புக்கல் வடிகட்டும் மணலன்று. மேலே விட்டது கீழே சேரும். தோட்டத்திற் கொட்டிய உரமும், அடிபூசாத மலக்குழியின் கசிவும் கிணற்றிற் கலக்கின்றன. யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிகுந்திருத்தலை ஆய்வுகள் பன்முறை காட்டிவிட்டன. சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் மிதந்ததையும் கண்டோம். காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை இயங்கிய சிமெந்து ஆலைக்காக அகழ்ந்த பள்ளங்களையும் கண்டோம். அவற்றிற்குப் பிறரைப் பழிக்கலாம். உரத்துக்கும் மலக்குழிக்கும் எவரைப் பழிப்பது?

பாறையிற் சுரப்பது சுனை, படியிறங்கி முகப்பது கேணி, சிறிதாய்த் தோண்டுவது கூவல், ஊரார் உண்ணுநீர்க் குளம் ஊருணி என்று நீர்நிலை தோறும் பெயர்வைத்த இனம், இன்று அனைத்தையும் 'ஸ்பிரிங்' என ஒரே சொல்லில் அடக்கிப் படம்பிடித்துத் திரும்புகின்றது. கன்னியாவின் உரிமைக்குக் குரல் எழுப்புவோம், வழக்கும் நடத்துவோம். அத்துடன், ஆடிக் காருவாவன்று முன்னோர்க்கு நீரிறைக்கக் கீரிமலை செல்வார், புறப்படுமுன் தம் வீட்டு மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்துவிட்டுச் செல்க.